வீட்டுக் கல்வியும் ஊர்க் கடமையும்

பாடசாலை மூடப்பட்டால் பிள்ளையின் படிப்பும் மூடப்பட வேண்டுமா? வன்னிப் பெருநிலத்துப் பெற்றோர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்க வேண்டிய கேள்வி இது. கடந்த இருபது ஆண்டுகளுக்குள் போர் வந்து பாடசாலையை மூடிற்று. கொள்ளைநோய் வந்து மூடிற்று. எரிபொருள் தட்டுப்பாடு வந்து மூடிற்று. மாரி வெள்ளம் பெருகும் ஆண்டுகளில் இன்றும் மூடுகின்றது. அந்த நாட்களிலெல்லாம் பிள்ளைக்கு எஞ்சியிருந்தது வீடு ஒன்றே. அவ்வீடு கற்பிக்கும் வீடாக இருந்ததா, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் கூரையாக மாத்திரம் இருந்ததா என்பதைப் பொறுத்தே பிள்ளையின் படிப்பு நின்றது, அல்லது நிலைகுலைந்தது.

வீட்டிலே கற்பியுங்கள் என்று பெற்றோருக்கு உபதேசம் செய்வது எளிது. விடியுமுன் வயலுக்குச் செல்லும் தகப்பனும், கூலி வேலைக்குச் சென்று பொழுது சாயும்போது திரும்பும் தாயும் தனியே நின்று எதனைக் கற்பிப்பார்கள்? ஒருவருக்குக் கணக்கு வரும், ஆங்கிலம் வராது. மற்றொருவருக்குக் கதை சொல்ல வரும். எழுதப் படிக்க வராது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு வீடும் குறையுடைய வீடுதான். பத்து வீடுகள் கூடினால் அவற்றுள் ஏதேனும் ஒரு வீட்டில் கணக்கு இருக்கும். ஒரு வீட்டில் ஆங்கிலம் இருக்கும். ஒரு வீட்டில் புத்தகம் இருக்கும். ஒரு வீட்டில் விளக்கும் விறாந்தையும் இருக்கும். வீட்டுக் கல்வி ஊரின் கூட்டு முயற்சியாக மாறினாலன்றி அதனால் ஏழைப் பிள்ளைக்குப் பயனில்லை என்பதே இவ்வாரம் நாம் எடுத்துரைக்க விரும்பும் கருத்து.

ஜெயபுரம் காட்டும் பாடம்

இக்கருத்தைச் சொல்வதற்கு ஜெயபுரத்தை விடப் பொருத்தமான ஊர் வேறில்லை. பூநகரிப் பிரதேசத்திலே, மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் ஏ32 வீதியில், முழங்காவிலுக்கும் பல்லவராயன்கட்டுக்கும் இடையில் அமைந்தது அவ்வூர். அங்கே வாழும் மக்களிற் பெரும்பாலோர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1977ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் தமிழர் மீது அவிழ்த்துவிடப்பட்ட வன்செயல்கள் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை வன்னிக்குத் துரத்தின. தேயிலைக் கொழுந்து கொய்த கைகள் காடு வெட்டின, கிணறு தோண்டின, நெல் விதைத்தன. ஊர் எழும்பிற்று; பாடசாலையும் எழும்பிற்று.

அதன் பின் 2008 வந்தது. பூநகரிப் பிரதேச மக்கள் ஊரோடு ஊராகக் கிழக்கு நோக்கி நகர்ந்தார்கள். போன இடங்களிலே மர நிழலிலும் தறப்பாள் கொட்டிலிலும் பாடசாலைகள் நடந்தன. எறிகணைகள் விழத் தொடங்கியதும் அவையும் நின்றன. 2009இல் வவுனியா செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமிலே முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டிருந்த மாணவர் அவ்வாண்டு ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். ஆசிரியர் தாமும் அகதிகளாய் இருந்துகொண்டே கற்பித்தார்கள் என்பதையும், எழுத்தறிந்த மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதையும் அக்காலத்தைக் கடந்து வந்தோர் அறிவர். அன்று எந்தச் சுற்றறிக்கையும் அவர்களை அவ்வாறு செய்யச் சொல்லவில்லை.

ஊர் திரும்பிப் பத்தாண்டு கழிவதற்கு முன்னும் பின்னுமாக மறுபடியும் கதவு மூடப்பட்டது. கொவிட் நோய் காரணமாக 2020 மார்ச் 13 முதல் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறப்பதும் மூடுவதுமாகக் காலம் கழிந்தது. 2021 ஒக்டோபர் 21இல், 200 மாணவருக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் முதற்கட்டமாகத் திறக்கப்பட்டன. அவ்விடைக்காலத்திலே கல்வி தொலைபேசிக்குள்ளும் தொலைக்காட்சிக்குள்ளும் புகுந்தது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே தொலைபேசி, அதுவும் தகப்பனோடு வயலுக்குப் போய்விடும். மத்திய இலங்கைக் கிராமம் ஒன்றிலே ஆசிரியரும் பிள்ளைகளும் தொலைபேசிக்கு அலை தேடிக் காட்டுப் பாறை மீது ஏறிய செய்தியை 2021இல் உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. வன்னிக் கிராமங்களின் நிலை அதனினும் மேலானது என்று எவரும் சொல்லத் துணியார். 2022இல் எரிபொருளின்றி வகுப்புகள் தடைப்பட்டன. 2024 நவம்பரில் கடும் மழையாலும் வெள்ளத்தாலும் உயர்தரப் பரீட்சையே நடுவில் நிறுத்தப்பட்டுப் பின்போடப்பட்டது.

பாடசாலை தடைப்படுவதை இனியும் எதிர்பாராத விபத்து என்று நாம் கருதலாகாது. வறட்சி வருமென்று அறிந்தே நம் முன்னோர் குளங்களைக் கட்டினார்கள். கல்விக்கும் அத்தகைய ஒரு குளம் வேண்டும்.

பிற நாட்டார் கண்ட வழி

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் வழக்கம் மேனாடுகளில் ஓர் இயக்கமாகவே வளர்ந்திருக்கின்றது. இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்குத் தக்க கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்று விதித்தது. அதனைப் பாடசாலை மூலமாகவோ வேறு வகையிலோ நிறைவேற்றலாம் என்று இடமும் கொடுத்தது. 1996ஆம் ஆண்டின் சட்டமும் அதையே பின்பற்றிற்று. ஜேர்மனியோ நேர்மாறு. அங்கே பாடசாலைக்குச் செல்வது கட்டாயம். வீட்டுக் கல்வி பாடசாலைக்கு ஈடாகாது. அதனை எதிர்த்துச் சென்ற பெற்றோரின் வழக்கை 2006இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

அமெரிக்காவில் நடந்தது நமக்குப் பாடமாகத் தக்கது. ஆசிரியராகப் பணியாற்றிப் பாடசாலை முறையிலே நம்பிக்கை இழந்த ஜோன் ஹோல்ட் என்பார், 1977இல் வீட்டுக் கல்விக் குடும்பங்களுக்காக ஒரு சிறு சஞ்சிகையைத் தொடங்கினார். அதன் பக்கங்களை நிரப்பியவை பெரும்பாலும் பெற்றோர் எழுதிய கடிதங்களே. பெருக்கல் வாய்பாட்டைப் பிள்ளைக்கு எப்படிப் பழக்கினோம், சட்டம் பேசி வந்த அதிகாரிக்கு என்ன விடை சொன்னோம், அயலார் ஏசியபோது எப்படித் தாங்கினோம் என்று ஒரு குடும்பம் எழுத, ஆயிரம் மைலுக்கு அப்பால் இன்னொரு குடும்பம் அதைப் படித்துத் தைரியம் பெற்றது. ஹோல்ட் 1985இல் மறைந்த பின்னரும் அச்சஞ்சிகை 2001 வரை வெளிவந்தது. தனியே நின்றிருந்தால் சோர்ந்து கைவிட்டிருக்கக்கூடிய குடும்பங்கள் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்தமையால் நிலைத்தன.

இலங்கையின் நிலை என்ன? 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்டு 1998இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள், 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வதைக் கட்டாயமாக்கின. 2016இல் அவ்வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தரப் பரீட்சைக்கும் தனியார் பரீட்சார்த்தியாகத் தோற்றும் வழியும் உண்டு. கொழும்பு போன்ற நகரங்களிலே வசதி படைத்த சில குடும்பங்கள் வீட்டிலேயே கற்பித்து இலண்டன் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகின்றன. அது அவர்கள் விருப்பம். ஜெயபுரத்துக் கமக்காரனுக்கு அந்த விருப்பம் எட்டாதது. அவனுக்கு அது தேவையுமில்லை. அவன் பிள்ளைக்குப் பாடசாலை வேண்டும். நல்ல பாடசாலை வேண்டும். நாம் பேசும் வீட்டுக் கல்வி பாடசாலைக்குத் துணையாக நிற்பது. பாடசாலை தடைப்படும் வேளையில் அதன் இடத்தைக் காத்து நிற்பது.

நமது திண்ணை

வீடும் ஊரும் சேர்ந்து கற்பிக்கும் முறையை நாம் எவரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடம் நம்முடையது. ஓர் ஆசிரியர், ஒரு திண்ணை, மணலிலே விரலால் எழுதப் பழகும் சிறுவர். ஆசிரியர் ஒருவரே எல்லோரையும் பார்க்க இயலாதாகையால் மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளையாக வைத்து இளையோருக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்வார்.

இந்த முறையின் அருமையை நமக்கு முன்னே உலகறியச் செய்தவர் ஒரு ஸ்கொட்லாந்துப் பாதிரியார். 1789இல் சென்னை எழும்பூரிலே படைவீரரின் அநாதைச் சிறுவர்க்கென நடந்த இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அந்திரூ பெல் என்பார், உள்ளூர்ப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் இல்லத்திற் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளைய மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே நடத்திக் காட்டினார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளிற் பரவிற்று. நம் திண்ணையிலே மலர்ந்தது கடல் கடந்து போய்ப் பிறர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. நாமோ அதனைப் பத்தாம்பசலி என்று தள்ளிவிட்டோம்.

ஈழத்திலும் ஊர் கூடிக் கல்வி வளர்த்த வரலாறு உண்டு. 1848இல் வண்ணார்பண்ணையிலே ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அரசாங்கம் அவருக்குத் துணை நிற்கவில்லை. ஊர் துணை நின்றது. பிற்காலத்தில் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் ஊர் தோறும் எழுந்ததும் அவ்வழியிலேதான்.

ஜெயபுரத்து மக்களின் முன்னோருக்கு இவ்வரலாறு இன்னும் கசப்பானது. தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத் துரைமார் மீது சுமத்திற்று. பிள்ளை படித்தால் கொழுந்து பறிக்க ஆள் குறையும் என்று கருதியவரிடமே பிள்ளையைப் படிப்பிக்கும் பொறுப்பு! விளைவு என்ன? ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக என்ற நிலை. 1945இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வியைப் பற்றி நாடு பெருமை பேசுகின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோ 1970களில். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் பிள்ளைப் பருவத்தை இழந்தவர்களுக்கு எவர் ஈடு செய்தார்? இன்று ஜெயபுரத்திலே பேரப்பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு வாசிக்க இயலாமல் திருப்பிக் கொடுக்கும் முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவருடைய எழுத்தறியாமை அவருடைய குற்றமன்று.

தமிழகத்தின் முயற்சி

அண்டைத் தமிழகத்தில் நடந்த ஒன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கொவிட் காலத்திலே பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்பதற்காக 2021 ஒக்டோபர் 27இல் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் விழுப்புரம் மாவட்டத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, மாலை வேளையில், அவர்கள் வாழும் குடியிருப்பிலேயே ஊர்த் தன்னார்வலர் கற்பிப்பதே அத்திட்டம். வீட்டுத் திண்ணையிலும் கோயில் வாசலிலும் சமூகக் கூடத்திலும் வகுப்புகள் நடந்தன. ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர் முன்வந்தனர். அவருட் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது.

பயன் விளைந்ததா? அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்னும் பொருளியல் அறிஞர் மூவர் தமிழகக் கிராமப் பிள்ளைகளைப் பரிசோதித்து ஆய்வு செய்தனர். பாடசாலை திறந்த ஆறு மாதங்களுக்குள், இழந்த படிப்பிலே மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் அவர்கள் கண்டனர். மாலையில் ஒன்றரை மணி நேரம் அயல் வீட்டுப் பெண் ஒருத்தி பிள்ளைகளோடு உட்கார்ந்ததன் பலன் அது! பட்டம் பெற்ற ஆசிரியர் இல்லையே, மாளிகைக் கட்டடம் இல்லையே என்று கைகட்டி நிற்போருக்கு இதைவிடத் தக்க பதில் வேறில்லை.

புலம்பெயர்ந்த நம் உறவினரையும் பாருங்கள். வீட்டுக் கல்வியை அனுமதியாத ஜேர்மனியிலேயே, வார நாட்களில் ஜேர்மன் பாடசாலைக்குப் பிள்ளைகளை ஒழுங்காக அனுப்பிவிட்டு, வார இறுதியிலே தமிழாலயங்களில் தமிழ் கற்பிக்கின்றார்கள். நோர்வேயில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் அவ்வாறே நடக்கின்றது. அங்கே கற்பிப்போரிற் பலர் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் ஐந்து நாள் உழைத்துவிட்டு வரும் தாய் தந்தையர். சட்டத்தையும் மீறாமல், பாடசாலையையும் பகைக்காமல், குடும்பங்கள் கூடித் தம் பிள்ளைகளுக்கு வேண்டியதைத் தாமே கொடுக்க முடியும் என்பதற்கு இது சான்று.

செய்யத்தக்கது என்ன?

கமக்காரருக்குக் கூட்டு முயற்சியின் இலக்கணத்தை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. குளத்து நீரை முறை வைத்துப் பாய்ச்சும் ஒழுங்கு அவர்களிடம் உண்டு. இன்று உன் வயல், நாளை என் வயல் என்று ஆள் மாறி வேலை செய்யும் வழக்கம் உண்டு. அந்த ஒழுங்கைப் பிள்ளைகளின் படிப்புக்கும் கொண்டு வரவேண்டும்.

ஏழெட்டு வீடுகள் ஒரு கூட்டாகச் சேரட்டும். ஊர் முழுவதற்கும் ஒரே இடம் என்று வைத்தால் தூரத்துப் பிள்ளை வராது. யானை நடமாடும் பாதையில் அந்தி வேளையிலே பிள்ளையை அனுப்ப எந்தத் தாய் துணிவாள்? கூப்பிடு தூரத்து வீடுகளே கூட்டாகச் சேர வேண்டும். வாரத்தில் நான்கு மாலை போதும். ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டு விறாந்தை. உயர்தரம் படிக்கும் மாணவியோ, படித்துவிட்டு வேலை தேடியிருக்கும் இளைஞனோ, முன்பள்ளி ஆசிரியையோ பாடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அங்கே வேலை உண்டு. பிள்ளைகளை உரத்து வாசிக்கச் செய்து கேட்டிருப்பதும், நேரத்துக்குக் கூட்டி வருவதும், தனக்குத் தெரிந்த கதையைச் சொல்வதும் கற்பித்தலேயாகும். விதை நெல்லின் அளவும், பசளையின் விலையும், ஏக்கருக்கு இத்தனை மூடை என்னும் கணக்கும் தகப்பனிடம் இருக்கின்றன. கணிதப் புத்தகத்தில் இல்லாத கணிதம் அது. மலையகத்திலிருந்து நடந்து வந்த வரலாறு பாட்டனிடம் இருக்கின்றது. அதனை இன்று பிள்ளைகள் கேட்டு எழுதி வைக்காவிட்டால் நாளை கேட்பதற்கு ஆளிருக்காது.

மாதம் ஒருமுறை இக்கூட்டுகள் யாவும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்திலோ சனசமூக நிலையத்திலோ ஒன்றுகூடட்டும். எந்தப் பிள்ளை வாசிக்கத் திணறுகின்றது, எந்த முறை பலித்தது, எது பலிக்கவில்லை என்று பெற்றோர் தம்முள் பேசட்டும். ஒரு வீட்டின் அனுபவம் மறு வீட்டுக்குச் செல்வதற்கு இதுவே வாய்க்கால். பாடசாலை அதிபரும் ஆசிரியர் ஒருவரும் அக்கூட்டத்துக்கு வந்து அமர்ந்தால் பாடத்திட்டத்தோடு இம்முயற்சி இணைந்துவிடும்.

இதற்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும். பணம் வாங்கலாகாது, வாங்கத் தொடங்கினால் அது இன்னொரு ரியூற்றறியாகிவிடும். பாடசாலை நடக்கும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்துவதற்கு இதனைச் சாக்காகக் கொள்ளலாகாது. சாதியோ சமயமோ கட்சியோ அந்த விறாந்தையில் ஏறலாகாது. கற்பிக்கும் பாரம் முழுவதையும் மூத்த பெண்பிள்ளையின் தலையில் ஏற்றிவிடவும் கூடாது. அவளும் படிக்க வேண்டிய பிள்ளையே. அரிவு வெட்டுக் காலத்திலே வேலைக்கு ஆள் வேண்டுமென்று வகுப்பைக் கைவிடுவதும் ஆகாது. அறுவடைக் காலத்து ஒழுங்கை அறுவடைக்கு முன்னரே பேசி வைத்துக்கொள்ளலாம்.

வைத்தியர்களே, பொறியியலாளர்களே, சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, உத்தியோகத்தர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிற் பலர் வன்னி மண்ணிலே பிறந்து, அதன் நெல்லை உண்டு, இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கடல் கடந்த நகரங்களிலும் வாழ்கின்றீர்கள். ஊர்க் கோயிலின் கும்பாபிஷேகத்துக்குப் பணம் அனுப்பத் தவறுவதில்லை. ஒரு கூட்டுக்கு ஒரு புத்தகப் பெட்டி, ஒரு சூரிய விளக்கு, ஒரு கரும்பலகை வாங்கிக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? விடுமுறைக்கு ஊர் வரும்போது இரண்டு மாலை அந்த விறாந்தையிலே அமர்ந்து பிள்ளைகளோடு பேசினால் உங்கள் கௌரவம் குறைந்துவிடுமா? வைத்தியரை நேரிற் கண்டு பேசிய பிள்ளைதான் தானும் வைத்தியராகலாம் என்று நினைக்கும்.

அரசாங்கம் தப்பலாகாது

இங்கே ஓர் எச்சரிக்கை. ஊர் தானே கற்பித்துக்கொள்கின்றது என்று கண்டால் அரசாங்கம் கையைக் கழுவிவிட்டுப் போய்விடக் கூடும். கணித ஆசிரியர் இல்லையா? பெற்றோர் பார்த்துக்கொள்வர். ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டாரா? ஊர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிடும். இதற்கு நாம் ஒருபோதும் இடங்கொடுக்கலாகாது. தனக்குரிய பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் தள்ளிவிட்டு ஓர் அரசாங்கம் ஒதுங்கி நின்றதன் விளைவை மலையகத் தமிழர் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தார்கள். அதே மக்களின் பேரப்பிள்ளைகள் மீது அதே அநீதி வேறு வேடத்தில் வரக்கூடாது.

ஆகவே நாம் கேட்பவை இவை. வெற்றிடமாயுள்ள ஆசிரியர் பதவிகள் நிரப்பப்பட வேண்டும்; நியமனம் பெற்று வந்தோர் பின்தங்கிய ஊர்களிலே தங்கிப் பணியாற்றுவதற்கு விடுதியும் போக்குவரத்தும் வேண்டும். வெள்ளத்தாலோ நோயாலோ பாடசாலை மூடப்படும் ஆபத்துக்கு முன்னேற்பாடாக, மாரி தொடங்குமுன்பே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அச்சிட்ட பயிற்சித் தாள்களை வலயக் கல்விப் பணிமனைகள் சேர்ப்பிக்க வேண்டும். அலையில்லாத ஊரிலே தொலைபேசிப் பாடத்தை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருத்தலாகாது. ஊர்க் கூட்டுகளில் கற்பிக்கும் இளையோருக்குச் சிறு பயிற்சியும், தமிழகத்தைப் போல் ஓர் ஊக்கத்தொகையும் அளிக்க வேண்டும். பாடசாலையை விட்டு விலகிய இளைஞர் தனியார் பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு வேண்டிய வழிகாட்டல் பிரதேச மட்டத்திலேயே கிடைக்க வேண்டும்.

இவற்றை யாரிடம் கேட்பது? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் கல்வியிலே மாகாணத்துக்கும் பங்கு கொடுத்தது. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. ஜெயபுரத்துத் தாய் தன் பிள்ளையின் வகுப்புக்கு ஆசிரியர் இல்லையென்று முறையிடுவதற்குத் தானே தெரிந்தெடுத்த ஒருவர் மாகாணத்தில் இல்லாமலே பிள்ளையின் பாடசாலைப் பருவம் கழிந்து போகின்றது. சுயாட்சி என்பது மேடைச் சொல் என்று ஏளனம் செய்வோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். ஒன்பதாம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் வருவதும் வராததும் சுயாட்சியின் கேள்விதான்.

உரிமைக்குக் குரல் கொடுப்பதும் கடமையைச் செய்வதும் ஒன்றையொன்று தடுப்பன என்று நாம் கருதவில்லை. குளத்தின் கட்டு உடைந்தால் நீர்ப்பாசன இலாகாவுக்கு மனு எழுதுகின்றோம். அதே வேளை மண்வெட்டியோடு கட்டுக்கு ஓடவும் செய்கின்றோம். மனு எழுதியாயிற்று என்று எவரும் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. பிள்ளைகளின் படிப்பிலும் அந்தப் புத்தியே நமக்கு வேண்டும்.

அடுத்த மாரி வருவதற்குள் ஜெயபுரத்திலே ஏழு வீடுகள் கூடி ஒரு விறாந்தையில் விளக்கேற்றுமாயின், அச்செய்தி முழங்காவிலுக்கும் வேரவிலுக்கும் கிராஞ்சிக்கும் செல்ல நெடுநாள் ஆகாது. காடு வெட்டி ஊராக்கிய மக்களுக்கு இது பெரிய காரியமன்று. பெற்றோரே, தொடங்குங்கள். படித்தோரே, துணை நில்லுங்கள். ஆள்வோரே, உங்கள் கடனை நாங்கள் மறக்கப் போவதில்லை.